வேகாத பருப்பு

கொதிக்கிற தண்ணீர் என்றால் 100 டிகிரி என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் ஒரு மாதம் ஊட்டியில் குடித்தனம் செய்து பார்க்க வேண்டும்.

2016-ல் ஒரு நாவலை முடிப்பதற்காக நானும் என் மனைவியும் அங்கே போய் ஒரு வாடகை வீட்டில் தங்கினோம். குக்கர் எங்களோடு வந்தது. அதன் ரப்பர் வளையம் மட்டும் சென்னையிலேயே தங்கிவிட்டது. "ஒரு நாள்தானே, பாத்திரத்திலேயே வேக வைத்துவிடுகிறேன்" என்று அவள் துவரம்பருப்பை அடுப்பில் ஏற்றினாள். ஒரு மணி நேரமாயிற்று. தண்ணீர் தளதளவென்று கொதித்தது. பருப்போ போட்டது போட்டபடி கிடந்தது.

"தீயைக் கூட்டேன்" என்றேன். கூட்டினாள். கொதி பலத்தது, தண்ணீர் சுண்டியது, பருப்பு மசியவில்லை. பசியில் எனக்கு வாய் நீண்டுவிட்டது. "பார்த்து வாங்கத் தெரியாதா? பழைய பருப்பை உன் தலையில் கட்டிவிட்டான்" என்று தொடங்கி, அவள் பிறந்த வீட்டுச் சமையல் வரைக்கும் போய்விட்டேன். அவள் பதில் பேசவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போனாள்.

வெட்கக்கேடு என்னவென்றால், விஷயம் எனக்குத் தெரியும். கல்லூரியில் இரண்டு வருஷம் பௌதிகம் படித்தவன். இதே கேள்விக்குப் பரீட்சையில் பதில் எழுதி மார்க்கும் வாங்கியவன். தண்ணீருக்குள் பிறக்கிற ஆவிக் குமிழி, மேலிருந்து அழுத்தும் காற்றின் பாரத்துக்கு ஈடுகொடுத்து நின்றால்தான் கொதிப்பு. ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் பாரம் குறைவு. குமிழிக்கு வேலை சுலபம். 92, 93 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும். அதற்குப் பிறகு எத்தனை தீ வைத்தாலும் சூடு ஏறாது. வாங்கிய வெப்பமெல்லாம் ஆவியாவதற்கே செலவாகிவிடும். கொதி பலப்பது நம் கண்ணுக்குத்தான், பருப்புக்கு அல்ல. குக்கர் செய்வது இதற்கு நேர் எதிர். ஆவியை அடைத்து, அழுத்தத்தை ஏற்றி, சமவெளியில் 120 டிகிரி வரை தண்ணீரைத் தண்ணீராகவே வைத்திருக்கிறது. 1679-லேயே டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் அப்படி ஒரு பாத்திரம் செய்து, எலும்பைக்கூட மெத்தென்று ஆக்கிக் காட்டினார்.

1835-ல் ஆண்டீஸ் மலைமேல் டார்வினுக்கும் இதே கதைதான். இரா முழுதும் கொதித்தும் உருளைக்கிழங்கு வேகவில்லை. உடன் போன இருவர், பானை புதிது, அதற்கு வேகவைக்க மனமில்லை என்று பானையைத் திட்டினார்களாம். என்னைவிட நல்லவர்கள். பானையைத்தானே திட்டினார்கள்?

மறுநாள் காலை கடைவீதியில் நாலு கடை ஏறி இறங்கி ரப்பர் வளையம் ஒன்று வாங்கி வந்தேன். குக்கர் அடுப்பில் ஏறியது. நான் பக்கத்தில் நின்று, காற்று, குமிழி, அழுத்தம் என்று விளக்க ஆரம்பித்தேன். முதல் விசில் வந்தது.

"இதெல்லாம் நேற்றுத் தெரியாதா உங்களுக்கு?" என்று கேட்டாள்.

இரண்டாவது விசில் வரும் வரைக்கும் எனக்குப் பதில் அகப்படவில்லை.