கிட்டே போய் எடுத்த படங்கள்

போன ஐப்பசியில் நான்கு நாள் விடாத மழை. வேலைக்கும் போக முடியவில்லை, சாயங்கால வகுப்பும் இல்லை. அந்த நான்கு நாளில்தான் இந்தப் பைத்தியம் எங்களைப் பிடித்தது. நாங்கள் என்றால் அக்காவும் தங்கையுமாக இரண்டு பேர். கூட அம்மா, அவர் விருப்பமில்லாமலே.

கையில் இருந்தது ஒரு பழைய ஆண்ட்ராய்டு போன். அதன் முதுகில் இருக்கும் மூன்று கண்ணில் ஒன்றுக்கு 'மேக்ரோ' என்று பெயர். 2 மெகாபிக்சல். டப்பாவில் அச்சடித்து விற்பதற்காக வைத்த கண் அது. எதை எடுத்தாலும் கஞ்சித் தண்ணீர் மாதிரிக் கலங்கித் தெரிந்தது. சாயங்கால வகுப்புப் பிள்ளைகளுக்குப் பூச்சி காட்ட வாங்கிவைத்த கிளிப் லென்ஸ் ஒன்று பீரோவில் கிடந்தது. அதை மெயின் கேமராவின் மேல் மாட்டிப் பார்த்தோம். கையில் தீக்குச்சி இருந்தது, அதையே எடுத்தோம். மருந்துத் தலை செம்மண் கரடு மாதிரி எழுந்து நின்றது. அப்புறம் மழை விட்டதே தெரியவில்லை.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். லென்ஸ் பொருளுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கிட்டே வரவேண்டும். அவ்வளவு கிட்டே போனால் தெளிவாக விழும் ஆழம் மிகக் குறைவு, ஒரு ராகி மணியின் உச்சி தெளிந்தால் அடிப்பக்கம் கலங்கிவிடும். திரையைத் தொட்டு ஃபோகஸ் செய்வது வேலைக்கு ஆகாது. போனை அசையாமல் வைத்துவிட்டு, பொருளை மயிரிழை மயிரிழையாக நகர்த்த வேண்டும். ஸ்டாண்டு கிடையாது என்பதால் அரிசி அளக்கிற படியைக் கவிழ்த்து அதன் மேல் போனை வைத்தோம். போன் ஃபிளாஷ் எல்லாவற்றையும் வெளுக்க வைத்துவிடும். சமையல்கட்டு ஜன்னல் வெளிச்சமும், எதிர்ப்பக்கம் நிழலை நிரப்ப ஒரு சில்வர் தட்டும் போதும். மூச்சை அடக்கிக்கொண்டு இருபது எடுத்தால் ஒன்று தேறும்.

1665இல் ராபர்ட் ஹூக் நுண்ணோக்கியில் பார்த்தவற்றைப் புத்தகமாகப் போட்டபோது முதலில் வைத்தது ஊசி முனையைத்தான். கூர்மைக்கே உதாரணமாகச் சொல்லும் ஊசி, கண்ணாடிக்குக் கீழே மொண்ணையாக, மேடுபள்ளமாக இருந்தது. அடுத்துச் சவரக்கத்தி, அதற்கடுத்து மெல்லிய துணி. எல்லாம் வீட்டுச் சாமான். எங்கள் பட்டியலும் கிட்டத்தட்ட அப்படித்தான் போனது. துடைப்பக்குச்சி, அம்மாவின் ஊக்கு, களி கிண்டுகிற துடுப்பு. துடுப்பின் நுனியில் மரத்தின் நார்கள் தேய்ந்து பட்டு மாதிரிப் பளபளத்தன. எத்தனை வருடத்துக் களி என்று அம்மாவுக்கே கணக்கில்லை.

சுவரில் மாட்டியிருக்கும் அண்ணல் அம்பேத்கரின் காலண்டர் படத்தையும் விடவில்லை. கிட்டே போனால் முகம் இல்லை. நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று வெறும் புள்ளிகள். அந்த நீலக் கோட்டில் நாம் நினைக்கிற நீலமே கிடையாது, வெளிர்நீலப் புள்ளியும் மெஜந்தாப் புள்ளியும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து நம் கண்ணில் நீலமாகின்றன. வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டியபோது ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. போனைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு இழுத்ததும் கண்ணாடி தெரிந்தது. அப்போது போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அண்ணன் எட்டிப் பார்த்தார்.

தண்ணீர்க் குடத்தின் உட்புறம் படிந்திருந்த வெள்ளையை எடுத்தபோது ஒரு தப்பும் செய்தோம். சுண்ணாம்புப் பாறை மாதிரி அடுக்கடுக்காக, அழகாகவே இருந்தது. 'இதோ நம் ஃபுளோரைடு' என்று எழுதி நண்பர்களுக்கு அனுப்பிவிட்டோம். அது ஃபுளோரைடு அல்ல, கடினநீரின் சுண்ணாம்பு உப்பு. புளியைப் போட்டுத் தேய்த்தால் போய்விடும். தருமபுரியின் நிலத்தடி நீரில் இருக்கும் ஃபுளோரைடு எந்த லென்ஸிலும் தெரியாது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது குடிநீருக்கான வரம்பு. தாண்டிய தண்ணீரை வருடக்கணக்கில் குடித்த பிள்ளைகளின் பல்லில்தான் அது பழுப்புக் கறையாகத் தெரியும். ஜப்பான் கடனுதவியில் வந்த ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. அந்தக் குழாய் எந்தத் தெருவில் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பதும் கேமராவில் விழாது. நடந்து போய்க் கேட்டால்தான் தெரியும்.

இதெல்லாம் விளையாட்டாகப் போய்க்கொண்டிருந்தபோது எங்களை நாங்களே கேட்டுக்கொள்ள வேண்டி வந்தது. காலனியை இதுவரை யார் எப்படிப் படம் எடுத்திருக்கிறார்கள்? சின்ன வயதில் எங்கள் தெருவுக்கு ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து கேமராவோடு வந்தார்கள். சாயம் அடித்த முன்சுவரை விட்டுவிட்டு, விரிசல் விட்ட பின்சுவர் பக்கமாக அம்மாவைக் கூட்டிப்போய் நிறுத்தினார்கள். சிரிக்க வேண்டாம் என்றார்கள். அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார். படித்துவிட்டு வேலைக்கு வந்தபின் நாங்களும் அதே படத்தைத்தான் எடுத்தோம். அறிக்கைக்கு ஒழுகுகிற கூரை வேண்டும், காலிப் பானை வேண்டும். உள்ளே அடுக்கில் பளபளவென்று கவிழ்த்து வைத்திருக்கும் பாத்திரங்கள் அறிக்கைக்கு உதவாது.

மதுரைப் பக்கம் வாடிப்பட்டியைச் சேர்ந்த ஜெய்சிங் நாகேஸ்வரன் கொரோனா ஊரடங்கில் தன் சொந்த வீட்டையும் குடும்பத்தையும் எடுத்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்த பழனிக்குமார், உழைக்கும் மக்களின் பிள்ளைகள் கையிலேயே கேமராவைக் கொடுத்துப் பழக்கி வருகிறார். அவர்கள் கலைஞர்கள், நாங்கள் கிளிப் லென்ஸ்காரர்கள். ஆனாலும் வீட்டுக்குள்ளிருந்து வீட்டைப் பார்க்கலாம் என்ற தைரியம் அவர்களைப் பார்த்து வந்ததுதான்.

இந்த மாவட்டத்தில் வீட்டுச் சாமான் என்று சொன்னதும் நினைவுக்கு வருவது 2012 நவம்பர் 7. நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி. ஒரே மாலையில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடி எரிக்கப்பட்டன. அன்றைய படங்களில் இருப்பவை கருகிய பைக், வெடித்த டிவி, கதவு பிளந்து கிடக்கும் பீரோ, உருகி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்ட பாத்திரம். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்ச் சேர்த்த சாமான்கள் அவை. காதல் திருமணம் ஒரு சாக்கு. காலனிக்காரன் வீட்டில் பீரோவும் டிவியும் இருப்பதைப் பொறுக்காத கண் அதற்கு முன்பே தெருவைச் சுற்றி வந்துகொண்டிருந்தது என்றே நினைக்கிறோம். சாதிச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும்கூட எரிந்தன. எட்டு மாதம் கழித்து, 2013 ஜூலை 4 அன்று, இளவரசனையும் இழந்தோம்.

எரிந்தபின் எடுத்த படங்கள் நிறைய உண்டு. அந்தப் பீரோ பளபளவென்று நின்ற நாளில் எடுத்த படம் எத்தனை வீட்டில் இருந்திருக்கும்? இருந்திருந்தாலும் ஆல்பத்தோடு எரிந்திருக்கும். வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இன் 6ஆவது விதிப்படி, சம்பவ இடத்துக்கு வரும் அதிகாரிகள் பாதிக்கப்பட்டவர்களின் உடைமை இழப்பைப் பற்றியும் விரிவான அறிக்கை தயாரிக்க வேண்டும். ஆனால் சாம்பலைக் காட்டி இது இன்ன பொருள் என்று ஒவ்வொருவராக மெய்ப்பிக்க நேர்வது கொடுமை. அதனால் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: உங்கள் வீட்டுச் சாமான்களை, பத்திரங்களை, சான்றிதழ்களை இப்போதே படமெடுத்து வீட்டுக்கு வெளியே ஓரிடத்தில் சேமித்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், எடுத்த தேதி முதலிய விவரங்கள் அழிந்துவிடும். அனுப்பத்தான் வேண்டுமென்றால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். மூலக் கோப்பு போனிலேயே இருக்கட்டும்.

இனி கொட்டாங்குச்சிக்கு வருவோம்.

எங்கள் வீட்டில் உப்பு அள்ள ஒரு கொட்டாங்குச்சி உண்டு. ஓரம் தேய்ந்து வழவழவென்று இருக்கும். லென்ஸில் அது மிக அழகாக விழுந்தது. கரும்பழுப்பு நிலத்தில் பொன்னிற நார்கள், பள்ளங்களில் உப்புப் பரல் கண்ணாடித் துண்டாக மின்னியது. எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். ஆனால் இரண்டு பேருக்கும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்கவில்லை. 2024 பிப்ரவரியில் மொரப்பூர் பக்கம் காட்டு வேலைக்குப் போன நம் பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் டீ ஊற்றிக் கொடுத்த செய்தி நினைவிருக்கும். கம்பைநல்லூர் காவல் நிலையத்தில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவாகி இரண்டு பெண்கள் கைதானார்கள். இரட்டைக் குவளை பழைய கதை என்று எங்களோடு படித்தவர்களே பேசிக்கொண்டிருந்த காலம் அது.

படத்தை அம்மாவிடம் காட்டினோம். பார்த்துவிட்டு, "இதப் போயி ஏண்டி எடுத்தீங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கொட்டாங்குச்சியாவது ஒடச்சிப் போடலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மாவு சலிக்கப் போய்விட்டார்.

அதன் அர்த்தம் இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது. பரண் மேலிருந்து ஆயாவின் பழைய சாமான்களை இறக்கினோம். ஒரு சில்வர் குடம், நூறு நாள் வேலைக் கூலியில் ஆயா வாங்கியது, கழுத்தில் அவர் பெயர் வெட்டியிருக்கும். கூட ஓர் அலுமினிய டம்ளர், பெயர் இல்லாதது, அடி நசுங்கியது. முதலில் டம்ளரை எடுத்தோம். வெளிப்பக்கம் முழுக்க வட்ட வட்டமாகக் கீறல்கள், மண்ணும் சாம்பலும் போட்டுத் தேய்த்த கையின் வட்டம். வாய்ப்பக்கம் அலுமினியத் தகட்டை வெளியே சுருட்டி மடித்திருப்பார்கள் அல்லவா, அந்த மடிப்பின் இடுக்கில் லென்ஸை நகர்த்தியபோது பச்சையாக ஏதோ தெரிந்தது. பாசி என்று நினைத்தோம். ஊக்கு முனையால் தொட்டால் பாசி மாதிரி வரவில்லை. வெளிச்சத்தை மாற்றி இன்னும் கிட்டே போனோம். செதில் செதிலாக வெடித்த பச்சைப் பெயிண்ட். மடிப்பைச் சுற்றி ஐந்தாறு இடத்தில், வெறுங்கண்ணுக்குத் தெரியாத அளவில் மிச்சம் இருந்தது.

அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவர் போனைப் பார்க்கவேயில்லை, டம்ளரைப் பார்த்தே சொன்னார். ஆயா வேலைக்குப் போன காட்டில், மாட்டுக் கொட்டாய் எரவாணத்தில் இந்த டம்ளர் செருகியிருக்குமாம். வேலை முடிந்ததும் ஆயாவே எடுத்து, கழுவி, தள்ளி உட்கார்ந்து நீட்ட வேண்டும், மேலிருந்து ஊற்றுவார்கள். குடித்ததும் மறுபடி கழுவிச் செருகிவிட வேண்டும். ஒருநாள் அந்த வீட்டுப் பாத்திரத்தோடு கலந்துவிட்டதென்று பெரிய சண்டையாகி, ஜன்னலுக்கு அடித்த பெயிண்ட் மிச்சத்தை வாய் ஓரம் முழுக்கப் பூசிவிட்டார்கள். வாயில் பெயிண்ட் வாடை அடித்தது என்று ஆயா ஒரு வாரம் டீ குடிக்கவில்லையாம். வேலையை விட்ட அன்றைக்கு டம்ளரைக் கையோடு எடுத்து வந்துவிட்டார். தினமும் மண் போட்டுத் தேய்த்திருக்கிறார். சுருட்டிய மடிப்புக்குள் மட்டும் கை போகவில்லை.

தீண்டாமையைப் பற்றி எம்.ஏ. சமூகவியலில் இரண்டு வருடம் பரீட்சை எழுதியிருக்கிறோம். தூய்மை, தீட்டு என்று பக்கம் பக்கமாக. அந்த டம்ளர் அப்போதும் இதே பரணில்தான் இருந்திருக்கிறது.

ஏப்ரல் 14க்கு வகுப்புப் பிள்ளைகள் எடுத்த படங்களோடு எங்கள் படங்களையும் அச்சடித்துச் சமுதாயக் கூடத்தில் மாட்டுவதாக இருக்கிறோம். பச்சைப் பெயிண்ட் படத்தை மாட்டுவதா என்பதில் இன்னும் முடிவு இல்லை. மாட்ட வேண்டும் என்பது எங்களில் ஒருத்தியின் கட்சி, ஊர் பார்க்கட்டும் என்று. ஆயாவின் அவமானத்தை ஆயாவிடம் கேட்காமல் எப்படிச் சுவரில் அடிப்பது என்பது இன்னொருத்தியின் கேள்வி. சிரிக்க வேண்டாம் என்று சொல்லி அம்மாவைப் பின்சுவரில் நிறுத்தியவர்களிலிருந்து நாம் எப்படி வேறு? இருவரும் இரண்டு நாள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை என்பதையும் ஒளிக்க ஒன்றுமில்லை.

அம்மாவிடமே விட்டோம். "அந்தப் படத்துல அது டம்ளர்னே தெரியலயே, ஏதோ கெணத்து ஓரம் மாதிரி இருக்குது" என்றார். உண்மைதான். அவ்வளவு கிட்டே போனால் யாருடையது, எங்கே இருந்தது என்பதெல்லாம் படத்தைவிட்டு வெளியே போய்விடுகிறது. பிறகு அவரே சொன்னார்: "மாட்டுறதுன்னா கொடத்தையும் பக்கத்துல மாட்டு. பேரு தெரியிற மாதிரி."

குடத்தை எடுத்தோம். பெயர் வெட்டும் மெஷினின் ஊசி குத்திய ஒவ்வொரு புள்ளியும் தனித்தனிக் குழியாக, ஓரத்தில் எஃகு பிதுங்கி மேடாகி நின்றது. எண்ணினோம், நான்கு எழுத்துக்கு 58 குழி. கடைசி எழுத்தில் ஊசி வழுக்கி ஒரு கோடு இழுத்திருக்கிறது. கடைக்காரர் வேறு குடம் தருகிறேன் என்றாராம். ஆயா வேண்டாம் என்று இதையே எடுத்து வந்தாராம்.

படம் எடுத்து முடித்தபின் இரண்டையும் கழுவித் துடைத்துப் பரணில் வைக்கப் போனபோது, அம்மா டம்ளரை மட்டும் கையில் வாங்கிக்கொண்டார். "இதுக்கு நாரு போட்டுத் தேய்க்காதீங்க, மடிப்புல இருக்குறது போயிரும்" என்று சொல்லி, ஒரு பழைய துணியில் சுற்றி அவரே எடுத்து வைத்தார்.