கிளட்சும் எலுமிச்சம் பழமும்

பழைய மோட்டார் கார் வைத்திருக்கும் அன்பர்களுக்குக் கியர் மாற்றும்போது கரகரவென்று ஓசை கேட்டால் போதும். "கிளட்ச் தகடு போய்விட்டது" என்று தீர்ப்புக் கூறிவிடுவர். குற்றம் எப்பொழுதும் கண்ணுக்கெட்டாத ஆழத்தில்தான் இருக்க வேண்டுமென எண்ணுவது நம்மவர்க்குப் பழகிப்போன மனப்பான்மை. நோய் வந்தால் கிரகத்தைத் தேடும் வழக்கம் இரும்பு வரைக்கும் வந்துவிட்டது! தகட்டை மாற்ற எஞ்சினையேனும் கியர்ப் பெட்டியையேனும் இறக்கியாக வேண்டும். ஆனால் மிதிக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள இணைப்புகளை எத்தனை பேர் குனிந்து பார்க்கின்றனர்?

மோரிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். அலெக் இசிகோனிஸ் வகுத்தமைத்த இச்சிறு கார் 1948-ஆம் ஆண்டு இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்தது. 1960 டிசம்பரில் பத்து இலட்சமாவது வண்டி வெளிவந்தது. இதில் காலின் அழுத்தத்தைக் கொண்டு செல்வது எண்ணெய்க் குழாய் அன்று, கம்பிகளும் நெம்புகோல்களுமே. மிதி ஒரு கம்பியை அசைக்கிறது. கம்பி, வண்டிச் சட்டத்துக்கும் கியர்ப் பெட்டிக்கும் நடுவே குறுக்காகக் கிடக்கும் இடையச்சைத் திருப்புகிறது. இடையச்சு ஒரு குட்டைக் கம்பியால் கவையைத் தள்ள, கவை கரியாலான அழுத்து வளையத்தைக் கிளட்சின்மேல் அழுத்துகிறது. ஊசியும் துளையும், அச்சும் புஷ்ஷும் சந்திக்கும் இடங்கள் இவ்வழியில் ஏழெட்டு உண்டு.

ஓரிடத்துத் தேய்வைத் தனியே பார்த்தால் அற்பமே. ஆயினும் எல்லாம் ஒன்றுகூடும். அதிலும் கவையருகே உள்ள தேய்வு மிதியில் பன்மடங்காகும். மிதி நான்கு அங்குலம் சென்றால் கவை முனை ஓரங்குலம் செல்லுமென்று கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அரைக்கால் அங்குலத் தளர்ச்சி, இங்கே அரை அங்குலத்தை விழுங்கிவிடும். கிளட்ச் முழுதும் விலகாமல் கியர்ப் பற்கள் அலறுவது இதனால்தான்.

என் அண்டை வீட்டார் ஓய்வு பெற்ற தோட்டத்துக் கிராணியார். ஒரு பட்டறையில் தகட்டை மாற்றியும் ஓசை நிற்காமையால், தம் மைனரைப் பழைய இரும்புக்கு விற்றுவிடத் துணிந்தார். வண்டியின்மேல் பக்திக் குறைவில்லை. ஆயுத பூசைதோறும் அதற்குச் சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சம் பழம் உண்டு. இணைப்பு ஊசிகளோ எண்ணெயின் முகத்தைக் கண்டு எத்தனை ஆண்டாயிற்றோ!

"அடியில் படுத்து அழுக்காவது நம் போன்றவர் வேலையா, தம்பி?" என்றார் அவர். படித்த தமிழர் வாயில் இச்சொல் வரும்போதெல்லாம் என் நெஞ்சு குமுறுகிறது. தோட்டத்து ஆலைகளையும் லாரிகளையும் ஓடச் செய்தவர்கள் அடியில் படுத்தவர்கள் அல்லரோ? அவருடைய பேத்தி மறுமொழி கூறவில்லை. கைவிளக்குடன் உள்ளே புகுந்தாள். (ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் புகலாகாது, உறுதியான தாங்கு கால்களை நிறுத்திய பின்னரே புகுந்தோம்.)

"மிதியுங்கள், தாத்தா!" என்றாள். மிதித்தார். மிதி பாதி தாழ்ந்த பிறகே கவை அசைந்தது. கழற்றிப் பார்த்தபோது ஊசிகள் இடுப்பொடுங்கியும், துளைகள் முட்டை வடிவாகியும் கிடந்தன.

இத்தகைய நிலையில் திருகை முடுக்கியே தளர்ச்சி முழுவதையும் எடுத்துவிடுவோர் பலர். தேய்வினால் வந்த தளர்ச்சி வேறு. வேண்டுமென்றே விடப்பட்ட இடைவெளி வேறு. பின்னதையும் ஒழித்துவிட்டால் கரி வளையம் ஓயாது உரசித் தேய்ந்து தீரும். அப்பொழுது எஞ்சினை மெய்யாகவே இறக்க வேண்டிவரும்.

புதிய ஊசி மட்டும் போதாது. முட்டைத் துளையில் வட்ட ஊசி எங்ஙனம் நிற்கும்? துளையை வட்டமாகப் பெருக்கி, வெண்கல வளையத்தை இறுக்கிச் செருகி, அதன் உள்வாயை ஊசிக்கு அளவாகக் கடைய வேண்டும். இடையச்சின் இரு முனைகளுக்கும் வெண்கல புஷ்ஷே இட்டோம். கிரீஸ் ஏற்றச் சிறு வாயும் வைத்தோம். பந்தய வண்டிகளிலுள்ள பந்து மூட்டுகளைப் பூட்டுவோரும் உளர். முதல் நாள் அவை மிக நேர்த்தியாக இருக்கும். ஆனால் உறையின்றித் திறந்து கிடக்கும் மூட்டை நம் நாட்டு மழையும் செம்மண்ணும் விட்டு வைப்பதில்லை. எண்ணெய் அழுத்த முறைக்கு மாற்றினால் எஞ்சின் குலுக்கம் மிதிக்கு வராது என்பது மெய்யே. எனினும் அதன் ரப்பர்க் கிண்ணம் ஒன்று கிழிந்தால் வண்டி வழியிலேயே நின்றுவிடும். தேய்ந்த வெண்கலமோ பல மாதம் முன்னரே முனகி அறிவிக்கும். என் வாக்கு வெண்கலத்துக்கே.

கிராணியாரின் வண்டி இப்பொழுது பின்கியருக்கு ஓசையின்றி மாறுகிறது. ஓடும்போதே முதல் கியரைப் போட்டால் மட்டும் இன்னும் உறுமுகிறது. மைனரின் முதல் கியருக்குப் பற்களை இணக்கி வைக்கும் ஒத்திசைவு வளையம் கிடையாது. அதற்கு எந்த புஷ்ஷும் மருந்தன்று. வண்டியை நிறுத்திவிட்டே போட வேண்டும்.