பானைக்குள் ரேடியோ

அப்பா போன பிறகு அவருடைய ரேடியோவும் செத்துப்போனது. அதிலிருந்த 4 அங்குல ஸ்பீக்கரை மட்டும் கழற்றி வைத்தேன். சின்ன ஆம்பிளிஃபயரில் இணைத்து, போனில் மின்னல் எஃப்எம் வைத்தால் சத்தம் வந்தது, கனம் வரவில்லை. ஸ்பீக்கரின் கூம்பு முன்பக்கம் எழுப்பும் ஒலியை, பின்பக்க ஒலி சுற்றிவந்து அழித்துவிடுகிறது. இரண்டையும் பிரித்து வைக்கத்தான் பெட்டி.

ஜாலான் பாசாரில் விலை கேட்டுவிட்டுத் திரும்பினேன். மைலோ டின்னில் பொருத்தினால் தகரமும் கூடவே பாடியது. அட்டைப் பெட்டி அதைவிட மோசம். கடைசியில், பொங்கலுக்குக் கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் வாங்கிய மண்பானை கண்ணில் பட்டது.

“சாமிக்குப் பொங்குன பானைடா!”

“அப்பாவோட ரேடியோம்மா.”

அம்மா பேசாமல் பானையைத் துடைத்துக் கொடுத்தார். உள்ளே திணிக்க அப்பாவின் பழைய துண்டையும் அவரே எடுத்துத் தந்தார். ஸ்பீக்கரைப் பானை வாயில் உட்காரவைத்து, காற்று கசியாமல் சிலிக்கோன் பூசினேன். மண் கனமானது, தகரம்போல் அதிராது.

மறுநாள் காலை எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் பானை செய்தி வாசித்தது. அப்பா இருந்தபோது செய்தி நேரத்தில் யாரும் வாய் திறக்கக்கூடாது. அன்றும் நாங்கள் திறக்கவில்லை.