தாமதமாகப் பார்த்த ஒரு சொல்

ஃபஜ்ர் தொழுதுவிட்டு அடுப்படிக்குச் சென்றால், இந்த ஆண்டு முழுவதும் எங்கள் வீட்டில் இரண்டு குரல்கள் கேட்கின்றன. கூடத்தின் ஒரு மூலையில் பதினொரு வயது மகன் அன்றைய சபக்கை ஓதிக்கொண்டிருப்பான். குர்ஆனை மனனம் செய்யும் மதரஸாவில் அவன் சேர்ந்து இரண்டாண்டுகள் ஆகின்றன. இன்னொரு மூலையில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் ஆங்கிலச் சொற்களை ஒப்பித்துக்கொண்டிருப்பாள். "ரெலக்டன்ட், வில்லிங். டிரான்சியன்ட், பர்மனன்ட். ஹம்பிள், ப்ரௌட்." இரண்டுக்கும் ராகம்கூட ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும்.

பொதுத்தேர்வின் ஆங்கிலத் தாளில் எழுத்துத் தேர்வுக்கு 90 மதிப்பெண்கள். அதன் முதற்பகுதி ஒரு மதிப்பெண் வினாக்கள் இருபது. அவற்றுள் முதல் மூன்றில் பொருளொத்த சொல்லையும் அடுத்த மூன்றில் எதிர்ச்சொல்லையும் தேர்ந்தெடுக்க வேண்டும். மொத்தம் ஆறே மதிப்பெண்கள். அந்த ஆறுக்காக என் மகள் கைடு புத்தகத்திலிருந்து நூற்றுக்கணக்கான சொற்களை இணை இணையாக நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். மருதமலைச் சாலையில் இருக்கும் அரசு சட்டக் கல்லூரியில் சேர வேண்டும் என்பது அவளுடைய ஆசை. ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு நம் மாநிலத்தில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களை வைத்தே இடம் தருகிறார்கள். ஆகவே ஆறு என்பது அவளுக்குச் சிறிய எண்ணன்று.

ஒரு நாள் காய் நறுக்கிக்கொண்டே கேட்டேன். "ரெலக்டன்ட் என்றால் என்னம்மா?"

"வில்லிங்குக்கு எதிர்."

"சரி, வில்லிங் என்றால்?"

"ரெலக்டன்டுக்கு எதிர்."

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மனனம் செய்வது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. ஹாஃபிழ்கள் வாழும் சமுதாயத்தில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல முடியுமா? ஆனால் மதரஸாவில் மனனத்துக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. அன்றாடம் ஒரு புதிய பாடம். அதனுடன் சென்ற சில நாட்களின் பாடம். அதற்கும் பின்னே, முன்பு முடித்த பழைய பகுதிகளில் ஒரு பங்கு. மூன்றையும் உஸ்தாத் முன் அமர்ந்து ஓதிக் காட்ட வேண்டும். கட்டி வைத்த ஒட்டகத்தைக் கவனித்துக்கொண்டே இருந்தால்தான் அது நிற்கும் என்று நபி (ஸல்) அவர்கள் குர்ஆன் மனனத்தைப் பற்றிக் கூறியதை உஸ்தாத் அடிக்கடி நினைவூட்டுவாராம். என் மகள் செய்துவந்ததோ புதிய ஒட்டகங்களை வாங்கிக்கொண்டே போவது. திங்கட்கிழமை நாற்பது சொற்கள், செவ்வாய்க்கிழமை நாற்பது. வெள்ளிக்கிழமை பார்த்தால் திங்கட்கிழமையின் நாற்பதும் கயிற்றை அறுத்துக்கொண்டு போயிருக்கும்.

தம்பியே அவளுக்கு உஸ்தாத் ஆனான். நாளொன்றுக்குப் பத்துச் சொற்கள்தாம். மஃரிபுக்குப் பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "அக்கா, முதலில் பழைய பாடம் சொல்லு" என்பான். அவனுக்கு ஆங்கிலம் வாசிக்கவே தடுமாற்றம். ஆனாலும் அவள் சற்றுத் தயங்கினால் போதும், தரையில் தட்டுவான். ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்கள் நபியவர்களின் கட்டளையை ஏற்று யூதர்களின் எழுத்தை அரை மாதத்துக்குள் கற்றுக்கொண்ட செய்தி திர்மிதியில் இருப்பதை நான் ஒருமுறை அவளிடம் சொன்னேன். "அவர்களுக்குக் கைடு கிடையாதும்மா, அதனால்தான்" என்றாள்.

அந்தப் பதிலை நான் நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்களிடம் சொற்பட்டியல் இருந்திருக்காது, கடிதங்கள் இருந்தன. வருகிற கடிதத்தைப் படித்துக் காட்டவும் போகிற கடிதத்தை எழுதவும் அவர்கள் கற்றார்கள். சொல்லுக்குப் பின்னால் ஒரு வேலை காத்திருந்தது.

ஆகவே சொற்களுக்கு நம் வீட்டிலேயே உறவு தேடத் தொடங்கினோம். 'டிரான்சியன்ட்' என்பதற்கு 'நிலையற்ற' என்று எழுதியபோது அது அவள் மனத்தில் நிற்கவில்லை. "துன்யா ஃபானீ என்று பயானில் கேட்டிருக்கிறாயே, அந்த ஃபானீதான்" என்றதும் நின்றுவிட்டது. அதற்கு எதிரான 'பர்மனன்ட்', பாகீ. மளிகைக் கடை நோட்டில் நாம் எழுதும் 'பாக்கி'யும் அந்த அரபுச் சொல்தான் என்றபோது அவள் கண்கள் விரிந்தன. எஞ்சி நிற்பது எதுவோ அது பாக்கி. 'வக்கீல்' அரபியிலிருந்து வந்தது என்பதை அவளே கண்டுபிடித்தாள். தான் போக விரும்பும் தொழிலின் பெயராயிற்றே!

ஆங்கிலத்திலும் நம்முடையவை கிடக்கின்றன. 'காட்டன்' என்ற சொல்லின் மூலம் அரபியின் 'குத்ன்'. 1888இல் முதல் நூற்பாலை வந்த நாள் தொட்டுப் பஞ்சை நம்பி வளர்ந்த ஊரில் பிறந்த பிள்ளைக்கு அது அந்நியச் சொல்லா? பொள்ளாச்சியிலிருந்து மூட்டை மூட்டையாகப் போகும் 'காயர்' நம் கயிற்றின் உறவு. பாடநூலில் கி. ராஜநாராயணனின் 'நாற்காலி' கதை ஆங்கிலத்தில் 'தி சேர்' என்று இருக்கிறது. அந்தப் பாடத்தின் சொற்களை மட்டும் அவள் மனனம் செய்யவே இல்லை. வீட்டுக்கு ஒரு நாற்காலி வருவது என்னவென்று தெரிந்ததால், சொற்கள் தாமே வந்து அமர்ந்துகொண்டன.

இனி, சிரிப்பு வராத கதை.

1997இல் நானும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. அப்போது ஆங்கிலத்துக்கு நூறு நூறாக இரண்டு தாள்கள். நானும் இவளைப் போலவே இணை இணையாக ஒப்பித்தவள்தான். அந்த நவம்பர் இறுதியில் கோவையில் நடந்த கலவரத்தில் அத்தாவின் சிறிய துணிக்கடை எரிந்துபோனது. அடுத்த பிப்ரவரி 14 அன்று குண்டுகள் வெடித்து 58 பேர் உயிரிழந்தார்கள். ஊர் முழுவதும் மய்யித் வீடாக இருந்த அந்த நாட்களில்தான் பொதுத்தேர்வும் வந்தது. எழுதினேன். ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண்ணே கிடைத்தது.

அந்தக் கோடையில் அத்தாவின் பெயருக்கு ஓர் அலுவலகத்திலிருந்து ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. வீட்டில் அதிகம் படித்தவள் நான். அத்தா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு என் எதிரே, பிள்ளை உஸ்தாத் முன் அமர்வதைப் போல அமர்ந்தார். கடிதத்தில் 'பிரெமிசஸ்' என்ற சொல் இரண்டு இடங்களில் இருந்தது. நான் அதை 'பிராமிசஸ்' என்று வாசித்தேன். "கடைக்கு ஏதோ செய்து தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்கள் அத்தா" என்றேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்று எழுந்து போனார். போகிற வருகிற எல்லோரிடமும், "மகள் படித்துச் சொன்னாள், செய்து தருவார்களாம்" என்றார்.

இரண்டு மாதம் கழித்து லிப்கோ அகராதியில் வேறெதையோ தேடியபோது அந்தச் சொல் கண்ணில் பட்டது. கட்டடமும் அதைச் சேர்ந்த இடமும் என்று பொருள். ஓடிப்போய்க் கடிதத்தை எடுத்தேன். வாக்கு எதுவும் அதில் இல்லை. கடை இருந்த இடத்துக்கான ஆவணங்களோடு பதினைந்து நாட்களுக்குள் நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். கெடு எப்போதோ முடிந்திருந்தது. போயிருந்தாலும் ஏதாவது கிடைத்திருக்குமா, தெரியாது. நான் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். அத்தாவிடம் சொல்லவில்லை. 2011இல் அவர் மவுத்தாகும் வரை சொல்லவில்லை. அல்லாஹ் அவருக்கு மஃபிரத் செய்வானாக, என்னையும் மன்னிப்பானாக.

சென்ற வாரம் தகரப் பெட்டியிலிருந்து அதை எடுத்து மகளிடம் கொடுத்தேன். எதுவும் சொல்லாமல், "இதை வாசித்துப் பொருள் சொல்" என்றேன். தாள் மடிப்புகளில் கிழிந்திருந்தது. அவள் மெதுவாக, ஒவ்வொரு வரியாக, தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். அந்தச் சொல் வந்ததும் நின்றாள். வரியை இன்னொரு முறை முதலிலிருந்து வாசித்தாள்.

"பிரெமிசஸ். கடை இருந்த இடத்தைச் சொல்கிறார்கள்மா. பத்திரம் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். நன்னா போனாரா?"

அப்போதுதான் முழுவதையும் சொன்னேன். முதன்முதலாக, என் பதினேழு வயது மகளிடம். அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு தன் நோட்டை எடுத்து அன்றைய பத்துச் சொற்களுக்குக் கீழே, கைடில் இல்லாத அந்தச் சொல்லைப் பதினொன்றாவதாக எழுதிக்கொண்டாள். மறுநாள் மஃரிபுக்குப் பிறகு தம்பி வழக்கம்போல் தரையைத் தட்டினான்.

"அக்கா, முதலில் பழைய பாடம்."