எஃகா, பாலிமரா? துப்பாக்கி ஊரில் ஒரு சுற்று

திருச்சிக்கு வருகிறவர்களுக்கு ஒரு வழக்கமான பாதை உண்டு. காலையில் மலைக்கோட்டை உச்சிப்பிள்ளையார், பிறகு 1-ஆம் நம்பர் பஸ் பிடித்து திருவானைக்காவல், ஸ்ரீரங்கம், மாலையில் பெரிய கடை வீதி. இந்தப் பாதையில் போகிறவர்களில் பலருக்குத் தெரியாத இன்னொரு திருச்சியும் இருக்கிறது. அது புதுக்கோட்டை சாலைப் பக்கம், விமான நிலையத்தைத் தாண்டி, நவல்பட்டு பக்கம் இருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் அதை 'துப்பாக்கித் தொழிற்சாலை' என்றே சொல்கிறார்கள். 1966 முதல் இயங்கிவரும் இந்த மத்திய அரசு ஆலை, 2021 அக்டோபரிலிருந்து கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட 'அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்விப்மென்ட் இந்தியா' என்ற பொதுத்துறை நிறுவனத்தின் கீழ் வந்துவிட்டது. இந்திய ராணுவத்தின் இன்சாஸ் ரைஃபிள்கள் இங்கேயும் தயாராயின. ஊர்ப் பெயரையே தாங்கிய 'திருச்சி அசால்ட் ரைஃபிள்' இங்கேதான் பிறந்தது.

இன்று உலகம் முழுக்கத் துப்பாக்கி சுடுகிறவர்கள் நடுவே ஓயாமல் நடக்கும் ஒரு விவாதத்தைப் புரிந்துகொள்ள இந்த ஊர் நல்ல இடம். கைத்துப்பாக்கியின் உடம்பு பழையபடி எஃகில் இருக்க வேண்டுமா, அல்லது பாலிமர் எனப்படும் உறுதியான பிளாஸ்டிக்கில் இருந்தால் போதுமா என்பதே அந்த விவாதம். அழகான, பளபளக்கும் எஃகுத் துப்பாக்கியை விட்டுவிட்டு, பார்க்கவே சாதாரணமாக இருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் துப்பாக்கியைப் பலரும் ஏன் விரும்புகிறார்கள்?

பீரங்கி பார்த்த ஊர்

திருச்சிக்கும் துப்பாக்கிக்கும் உள்ள உறவு 1966-ல் தொடங்கியதல்ல. 1751-ல் தொடங்கி மூன்று ஆண்டுகளுக்கு மேல் இந்த ஊரை முன்வைத்துப் பெரும் போர் நடந்தது. மலைக்கோட்டையில் முகமது அலி, அவருக்குத் துணையாக ஆங்கிலேயர்கள். எதிரே சந்தா சாகிப், அவருக்குத் துணையாக பிரெஞ்சுக்காரர்கள். பிரெஞ்சுப் படை காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குள் போய் முகாமிட்டது. 1752 ஜூனில் அதன் தளபதி லா சரணடைந்ததும் ஸ்ரீரங்கத்தில்தான். அடுத்த ஆண்டு பொன்மலையைச் சுற்றி இன்னொரு சண்டை. அதே பொன்மலையில்தான் 1928-ல் ரயில்வே பணிமனை வந்தது. ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சின் செய்துகொடுக்கும் கைகள் இன்றும் அங்கே இருக்கின்றன.

அந்தக் காலச் சிப்பாயின் நீளத் துப்பாக்கி நாலரை கிலோவுக்கு மேல் எடை. அதன் குழல் இரும்பு. ஆனால் கை பிடிப்பதும் தோளில் சாய்வதும் மரம். வெடிமருந்தின் அழுத்தத்தைத் தாங்க வேண்டிய இடத்தில் மட்டும் உலோகம், மனித உடம்பைத் தொடும் இடத்தில் இலேசான பொருள் என்ற கணக்கு அப்போதே இருந்தது. கைத்துப்பாக்கிகளில்தான் இது மாறியது. தானாகத் தோட்டா நிரப்பிக்கொள்ளும் பிஸ்டல்கள் வந்தபோது, அவற்றின் உடம்பையே எஃகுக் கட்டியில் கடைந்தெடுத்தார்கள். கைப்பிடியின் இரு பக்கமும் ஒட்டும் பட்டைகள் மட்டுமே மரம்.

திரைச்சீலைக் கம்பி செய்தவர்

கதை 1980-களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவில் திரும்புகிறது. அந்நாட்டு ராணுவம் புதிய பிஸ்டல் தேடியது. திரைச்சீலைக் கம்பிகளும் ராணுவத்துக்குக் கத்திகளும் செய்துகொண்டிருந்த கஸ்டன் கிளாக் என்பவர், அதுவரை துப்பாக்கியே செய்திராதவர், போட்டியில் இறங்கினார். அவர் செய்த 'கிளாக் 17' 1982-ல் தேர்வானது. பாலிமர் உடம்புள்ள பிஸ்டலை அவருக்கு முன்பே, 1970-ல், ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் செய்திருந்தது. ஆனால் அதை உலகம் முழுக்கப் பரப்பியது கிளாக்தான்.

'பிளாஸ்டிக் துப்பாக்கி' என்ற பெயர் வந்ததும் ஒரு பீதியும் வந்தது. விமான நிலைய எக்ஸ்ரேயில் இது தெரியாதாமே என்று அமெரிக்காவில் கூச்சல் எழுந்தது. உண்மையில் கிளாக்கின் எடையில் 80 சதவீதத்துக்கு மேல் எஃகுதான். குழல், மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடு, சுருள்வில்கள் எல்லாமே உலோகம். கையில் பிடிக்கும் உடம்பு மட்டும் பாலிமர். ஸ்லைடு ஓடுவதற்கான எஃகுத் தண்டவாளத் துண்டுகளையும் அந்தப் பாலிமருக்குள் வார்க்கும்போதே பதித்துவிடுகிறார்கள். கோபுர பாணியில் எழுந்திருக்கும் திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையத்தில் உள்ள ஸ்கேனர் திரையிலும் அது துப்பாக்கியாகத்தான் தெரியும்.

இடுப்பில் சுமப்பவரின் கணக்கு

பாலிமரை விரும்புவோர் சொல்லும் முதல் காரணம் எடை. 20-ஆம் நூற்றாண்டு முழுக்கப் புகழ்பெற்றிருந்த அமெரிக்காவின் 1911 பிஸ்டல், முழு எஃகு, சுமார் 1,100 கிராம். கிளாக் 17, காலி மேகஸினோடு சேர்த்தே சுமார் 700 கிராம்தான். தோட்டாவும் 1911-ல் 7, கிளாக்கில் 17. மேசை மேல் வைத்துப் பார்த்தால் 400 கிராம் பெரிய விஷயமில்லை. வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் விடிய விடியக் கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு காவல் அதிகாரியின் இடுப்பில் அது 12 மணி நேரம் தொங்கும்போதுதான் அந்த 400 கிராமின் அருமை தெரியும். அவர் அன்று ஒரு முறைகூட அதை உறையிலிருந்து எடுக்க மாட்டார், ஆனால் நாள் முழுக்கச் சுமப்பார். பெரும்பாலான கைத்துப்பாக்கிகளின் வாழ்க்கை அப்படித்தான் கழிகிறது.

இரண்டாவது காரணம் வியர்வை. திருச்சியின் மே மாத வெயிலில் இதற்கு விளக்கம் தேவையில்லை. வியர்வையில் உப்பு இருக்கிறது. எஃகு எவ்வளவு நல்ல பூச்சு பூசியிருந்தாலும், துடைத்து எண்ணெய் போடாமல் விட்டால் துரு பிடிக்கும். பாலிமர் துருப்பிடிக்காது. வெயிலில் கிடந்த எஃகைத் தொட்டால் கை சுடும், குளிரில் உறையும். பாலிமரில் அந்தத் தொல்லை குறைவு.

மூன்றாவது காரணம் எளிமை. பழைய பிஸ்டல்களில் சுத்தியலை இழுத்து வைப்பது, பாதுகாப்புப் பொத்தானைக் கட்டைவிரலால் தட்டுவது என்று நினைவில் வைக்க வேண்டிய வேலைகள் உண்டு. கிளாக் வகையில் வெளியே சுத்தியலும் இல்லை, தனிப் பொத்தானும் இல்லை. டிரிகரிலேயே ஒரு சிறு நாக்கு. விரல் அதை முழுதாக அழுத்தினால்தான் வெடிக்கும். முதல் தோட்டாவுக்கும் கடைசித் தோட்டாவுக்கும் விரலில் ஒரே அழுத்தம். பயிற்சி கொடுப்பது எளிது, கழற்றிச் சுத்தம் செய்வதும் எளிது. ஆனால் இதே எளிமைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. டிரிகரில் கவனக்குறைவாக விரல் பட்டால் தடுத்து நிறுத்த வேறு பொத்தான் இல்லை. அங்கே பாதுகாப்பு என்பது முழுக்க முழுக்க விரலின் ஒழுக்கம்.

நான்காவது, விலை. எஃகு உடம்பைக் கட்டியிலிருந்து கடைந்தெடுக்க வேண்டும். மெஷின் நேரம், தேயும் வெட்டுக்கருவி, வீணாகும் இரும்புத் தூள் எல்லாமே செலவு. துவாக்குடி பெல் நிறுவனத்தையும் அதைச் சுற்றியுள்ள சிறு பட்டறைகளையும் அறிந்த திருச்சிக்காரர்களுக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. பாலிமர் உடம்போ, கண்ணாடி இழை கலந்த நைலான் குருணையை உருக்கி அச்சில் செலுத்தினால் சீக்கிரம் வந்துவிழும். அச்சு செய்யத்தான் பெரிய செலவு. அதன் பிறகு ஆயிரமாவது உடம்பும் முதலாவது போலவே இருக்கும்.

கார்கில் சொன்ன பாடம்

இதைக் கேட்டால் பாலிமர் ஜெயித்துவிட்டது என்று தோன்றும். ஆனால் திருச்சி ஆலைக்குத் தெரிந்த இன்னொரு கதை இருக்கிறது. இன்சாஸ் ரைஃபிளின் 20 தோட்டா மேகஸின் பிளாஸ்டிக்கில் ஆனது. எத்தனை தோட்டா மிச்சம் என்று வெளியிலிருந்தே பார்க்கலாம். நல்ல யோசனைதான். 1999 கார்கில் போரின்போது, உறைபனியில் அந்த மேகஸின்கள் விரிசல் விட்டதாகப் புகார்கள் வந்தன. சமவெளியில் சரியாக இருந்த பொருள் மலை உச்சியில் கைவிட்டது.

பிளாஸ்டிக் என்பது ஒரே பொருள் அல்ல என்பதுதான் அதன் பாடம். எந்த வகை, என்ன இழை கலந்தது, எந்தக் குளிருக்கும் எந்தச் சூட்டுக்கும் சோதித்தது என்பதைப் பொறுத்தே அதன் உறுதி. எஃகின் குணத்தை மனிதன் பல நூற்றாண்டுகளாகப் படித்திருக்கிறான். பாலிமரை அந்த அளவுக்குப் படிக்க இன்னும் காலம் இருக்கிறது. ஆனாலும் பயணம் அந்தத் திசையில்தான். 2017-ல் அமெரிக்க ராணுவமே பாலிமர் கைப்பிடி உடைய சிக் சாயர் பிஸ்டலுக்கு மாறியது. 2021 ஜனவரியில் நம் டி.ஆர்.டி.ஓ. அறிமுகப்படுத்திய 'அஸ்மி' என்ற சிறு தானியங்கித் துப்பாக்கியின் கீழ்ப்பகுதி கார்பன் இழையால் ஆனது.

கே.கே. நகரில் வேறு கணக்கு

திருச்சி கே.கே. நகர் ஆயுதப்படை மைதானத்தில் ரைஃபிள் கிளப் இருக்கிறது. 2022 ஜூலையில் 47-வது மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டி அங்கே நடந்தது. நடிகர் அஜித்குமார் கலந்துகொள்ள வந்ததும் ஊரே திரண்டுவிட்டது. அவர் 4 தங்கம், 2 வெண்கலம் வென்றார். அந்த நாளில் துப்பாக்கி சுடுதல் என்றால் என்னவென்று முதல் முறை விசாரித்த குடும்பங்கள் ஏராளம். பக்கத்துப் புதுக்கோட்டையிலிருந்து பிரித்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ் வரை போயிருக்கிறார்.

இந்த விளையாட்டு மைதானத்தில் கணக்கே தலைகீழ். இங்கே யாரும் துப்பாக்கியை நாள் முழுக்க இடுப்பில் சுமப்பதில்லை. ஒரு கையை நீட்டி, மூச்சை அடக்கி, சிறு வட்டத்தின் நடுவைத் தேட வேண்டும். இலேசான துப்பாக்கி கையில் துடிக்கும். கொஞ்சம் எடை இருந்தால் நிலைக்கும். அதனால்தான் சர்வதேச விதிகளே எடைக்கு உச்சவரம்பு வைத்திருக்கின்றன. 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு 1,500 கிராம், 25 மீட்டர் பிஸ்டலுக்கு 1,400 கிராம். கைப்பிடியோ, சுடுபவரின் உள்ளங்கைக்கு ஏற்பச் செதுக்கிய மரம். ஓடிக்கொண்டே சுடும் 'பிராக்டிகல்' போட்டிகளிலும் இன்று பலர் 1.3 கிலோ எடையுள்ள செக் நாட்டு எஃகு பிஸ்டலுக்குத் திரும்பியிருக்கிறார்கள். எடை கூடினால் பின்னுதைப்பு குறையும், அடுத்த குண்டுக்குக் குறி சீக்கிரம் திரும்பும்.

ஆக, பாலிமர் பிடிக்கும் என்பவரும் எஃகு பிடிக்கும் என்பவரும் பெரும்பாலும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. ஒருவர் சுமப்பதைப் பற்றிப் பேசுகிறார், மற்றவர் சுடுவதைப் பற்றி.

இதைப் படித்துவிட்டுக் கடையில் போய் வாங்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்தியாவில் 9 மி.மீ. பிஸ்டல் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம். மற்ற ரகங்களுக்கும் உரிமம் வேண்டும். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் இரண்டுதான் வைத்திருக்கலாம். விளையாட விரும்பும் பிள்ளைகளுக்கு வாசல் வேறு. குறைந்த விசையுள்ள 4.5 மி.மீ. ஏர் பிஸ்டலில், பயிற்சியாளர் கண்முன் தொடங்குவதுதான் அந்த வழி. 2024-ல் பாரிஸில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்றதும் அந்த ரகத் துப்பாக்கியில்தான்.

எந்தப் பொருளில் செய்தாலும் குண்டு ஒன்றுதான் என்பதை இந்தப் பகுதி மக்கள் வலியோடு அறிவார்கள். 2021 டிசம்பர் கடைசியில், திருச்சிக்குத் தெற்கே நார்த்தாமலை அருகே, பயிற்சித் தளத்திலிருந்து பறந்து வந்த ஒரு குண்டு, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவன் தலையில் பாய்ந்தது. சிகிச்சை பலனின்றி அவன் இறந்தான். அந்தத் தளம் மூடப்பட்டது. எடை, விலை, துரு என்று எத்தனை பேசினாலும், குண்டு எங்கே போய் நிற்கும் என்ற கேள்விதான் எப்போதும் முதல் கேள்வி.

கல்லும் செங்கல்லும்

கடைசியாக ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் அடியில் ஒரு நிமிடம் நிற்கலாம். 13 நிலை, 236 அடி. நூற்றாண்டுகளாக அடிப்பகுதியோடு நின்றுபோயிருந்த இந்தக் கோபுரம் 1987 மார்ச் 25 அன்று முழுமை பெற்றுக் குடமுழுக்கு கண்டது. கீழே, பாரத்தைத் தாங்கும் இடத்தில் கருங்கல். மேலே, உயர உயர, கல்லைவிட இலேசான செங்கல் கட்டுமானம். முழுக் கோபுரத்தையும் கருங்கல்லில் எழுப்பியிருந்தால் அந்த எடையை அதன் அடித்தளம் சுமந்திருக்க வேண்டும். நம் ஸ்தபதிகள் காலம்காலமாக அப்படிச் செய்யவில்லை. எங்கே பலம் வேண்டுமோ அங்கே கல், எங்கே இலேசு வேண்டுமோ அங்கே செங்கல் என்று பிரித்தார்கள். செங்கல் கலந்ததால் அதை மட்டமான கோபுரம் என்று யாரும் சொன்னதில்லை.