வாங்குவோர் முகம்

எங்கள் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையினர் வாரந்தோறும் கூடும்போது ஒரு சிறு துணிப்பை கைமாறிச் செல்லும். ஒவ்வொருவரும் மூடிய கையை உள்ளே விட்டு, விரித்து எடுப்பர். நூறு ரூபாய் போட்டவர் யார், வெறுங்கையை விட்டெடுத்தவர் யார் என்பது எவருக்கும் தெரியாது. இதற்கு இரகசியக் காணிக்கை என்று பெயர். ஆலய மின்விசிறியின் இறக்கையில்கூட ‘உபயம்’ என்று பெயர் எழுதும் நம்மிடையே இப்படியொரு வழக்கம் நிலைத்திருப்பது எனக்கு வியப்பே.

இச்சபை 1833 ஏப்ரல் 23 அன்று பாரிஸ் நகரில் தோன்றியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் காலரா அந்நகரைச் சூறையாடியிருந்தது. உங்கள் திருச்சபை இன்று ஏழைகளுக்கு என்ன செய்கிறது என்று பிற மாணவர்கள் கேட்டனர். அன்றுதான் இருபது வயது நிறைந்த பிரெடெரிக் ஓசானாமும் தோழர்களும் அதற்கு வாதத்தால் விடையளிக்க விரும்பவில்லை. ஏழைகளிடையே உழைத்த அருள்சகோதரி ரோசலி ரெந்துவை நாடினர். அவர் வீட்டு முகவரிகளையும் ரொட்டிச் சீட்டுகளையும் கொடுத்தனுப்பினார். ஏழைகளை வரவழைத்து வரிசையில் நிறுத்தவில்லை. மாணவர்களே அவர்கள் வீட்டுப் படியேறினர். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1997இல் ஓசானாமையும் 2003இல் ரோசலியையும் அருளாளர்களாக அறிவித்தார்.

இவ்வழக்கத்தின் வேர் இன்னும் ஆழமானது. எருசலேம் ஆலயத்தில் எக்காள வடிவில் பதின்மூன்று காணிக்கைப் பெட்டிகள் இருந்தன என்று யூதரின் மிஷ்னா கூறுகிறது. அதே நூல் அங்கிருந்த மறைவான ஓர் அறையையும் குறிப்பிடுகிறது. இறையச்சமுடையோர் அதில் மறைவாகக் காணிக்கை இட்டனர். நல்ல குடியில் பிறந்து வறுமையுற்றோர் மறைவாகவே அதிலிருந்து பெற்று வாழ்ந்தனர். வலக்கை செய்வதை இடக்கை அறியலாகாது என்னும் ஆண்டவரின் போதனையை, கொடுப்பவரின் தற்பெருமைக்கு மருந்தாகவே நாம் பெரும்பாலும் மறையுரைகளில் விளக்குகிறோம். வாங்குபவரின் முகத்தைக் காப்பதும் அதில் அடங்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நான் உதவிப் பங்குத்தந்தையாக இருந்த ஊரில், கிறிஸ்து பிறப்பு விழாவையொட்டி அரிசியும் சேலையும் வழங்கினார்கள். ஒலிபெருக்கியில் பெயர் வாசித்து, மேடையேற்றி, கொடையாளருடன் நிற்க வைத்துப் படமெடுத்தார்கள். காலஞ்சென்ற உபதேசியாரின் மனைவி பெயர் மூன்று முறை வாசிக்கப்பட்டது. கடைசி வரிசையில் அமர்ந்திருந்த அவர் எழவே இல்லை.

மறுநாள் அவர் வீட்டிற்குச் சென்றேன்.

“பெயர் வாசித்தது கேட்கவில்லையா அம்மா?”

“கேட்டுச்சு சாமி. மேடையில நின்ன பிள்ளைகளுக்கெல்லாம் எங்க வீட்டுக்காரர்தான் மந்திரம் சொல்லிக் கொடுத்தாரு.”

வேறெதுவும் அவர் சொல்லவில்லை. எனக்குக் கடுங்காப்பி போட்டுக் கொடுத்தார். வீட்டில் பால் இல்லை. அடுப்பில் உலையும் இல்லை. அன்று மாலை இருட்டியபின் வின்சென்ட் சபையினர் இருவர் மிதிவண்டியில் அரிசி கொண்டுபோனார்கள். அரை மணி நேரம் உபதேசியாரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்துவிட்டு, கதவோரம் பையை விட்டுவிட்டு வந்தார்களாம். பையைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை.

கொடுத்ததற்குக் கணக்கு வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டும். எருசலேம் இறைமக்களுக்காகத் திரட்டிய பணத்தைப் பற்றி எவரும் குறைகூறாதிருக்க, சபைகள் தேர்ந்தெடுத்தவரைப் பவுலடியார் உடன் வைத்துக்கொண்டார். கணக்கேட்டையும் பற்றுச்சீட்டையும் யாரும் தணிக்கை செய்யலாம். அதற்கு ஒரு கைம்பெண்ணின் நிழற்படம் எதற்கு? இப்போதோ எல்லார் கையிலும் கைப்பேசி. மேடையில் எடுத்த படம் அன்றிரவே ஊரெங்கும் போய்விடுகிறது.

இவ்வாண்டு விழாவிற்கு ஐம்பது மூட்டை அரிசி தர ஒருவர் முன்வந்திருக்கிறார். மேடை மட்டும் வேண்டும் என்கிறார். ஐம்பது மூட்டை எங்கள் பங்கிற்குச் சிறிதன்று. அன்பியங்களின் வழியாக வீடுகளுக்கே சேர்த்துவிடலாம், கணக்கை எழுதித் தருகிறோம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். இன்னும் மறுமொழி வரவில்லை.