சியான் நகரத்து ஸரீத்

எங்கள் வீட்டில் சர்க்கரையைச் சீனி என்றுதான் சொல்வோம். அடுக்களையில் நாளும் புழங்கும் அச்சொல்லுக்குள் சீன நாடு ஒளிந்திருக்கிறது என்பதை மதரஸாவில் ஓதும் பிள்ளைகளுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். தேநீர் என்பதன் முதலெழுத்தும் சீனத்தின் தென்கிழக்குக் கரையிலிருந்து கடல் கடந்து வந்ததே. ஆக, நாள்தோறும் காலையில் சீனத்தைக் கரைத்துக் குடித்துவிட்டே நாம் வேலைக்குப் புறப்படுகிறோம். இவ்வளவும் அறிந்த நான், சீன நாட்டிலேயே சீன உணவு என் முன் வைக்கப்பட்டபோது கை நீட்ட இயலாமல் அமர்ந்திருந்தேன். அந்த அனுபவத்தையே இங்கே எழுதுகிறேன்.

2019 அக்டோபர் 11, 12 ஆகிய நாள்களில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் மாமல்லபுரத்தில் சந்தித்தனர். செங்கற்பட்டில் எங்கு திரும்பினாலும் அதே பேச்சு. கடற்கரைக் கோயிலை எழுப்பிய பல்லவ மன்னன் இராசசிம்மன் 720ஆம் ஆண்டில் சீனத்துத் தாங் பேரரசருக்குத் தூது அனுப்பிய செய்தியும், அவனுக்கு முன் 640ஆம் ஆண்டையொட்டி யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்த செய்தியும் தேநீர்க் கடைவரை வந்துவிட்டன. அந்தச் சூடு ஆறுமுன்னர், ஒரு பயண நிறுவனம் நவம்பரில் எட்டு நாள் சீனச் சுற்றுலாவை அறிவித்தது. என் மகன் பணம் கட்டிவிட்டான். முழங்கால் வலியால் என் மனைவி வர இயலவில்லை. எனக்குத் துணையாக வந்தவர் தமிழையா.

அவர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்; வைணவர். சீறாப்புராணத்தில் வரும் அரபுச் சொற்களுக்குப் பொருள் கேட்டு என்னிடம் வந்தவர், இருபது ஆண்டு நண்பராகிவிட்டார். அந்த நட்பில் எனக்கு ஒரே ஒரு முள் தைத்திருந்தது. பெருநாள்தோறும் அவர் எங்கள் வீட்டுக்கு வருவார். முகம் மலர வாழ்த்துவார். ஒரு வாழைப்பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு புறப்படுவார். அவர் புலால் உண்ணாதவர் என்பது எனக்குத் தெரியும். ஆயினும் பாயசத்தையும் தொடமாட்டார். "அவர் நம் வீட்டில் கை நனைக்க மாட்டார்" என்று என் மனைவி ஒருமுறை சொன்னாள். அன்றிலிருந்து அந்தக் குறையை நான் வெளியில் சொல்லாமல் நெஞ்சில் வைத்திருந்தேன்.

பயணத் திட்டப்படி இரவில் இந்திய உணவு. நண்பகலில் உள்ளூர் உணவு. பெய்ஜிங்கில் முதல் நாள் நண்பகல் ஒரு வட்ட மேசையைச் சுற்றி அமர்ந்தோம். நடுவில் சுழலும் கண்ணாடித் தட்டு. அதன்மேல் பத்துக்கு மேற்பட்ட உணவு வகைகள் வரிசையாக எங்கள் முன் வந்து வந்து போயின. எங்கள் வழிகாட்டி ஆங்கிலம் பேசும் ஒரு சீனப் பெண். நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவரும் பொறுமையோடு சொன்னார். சீன வழக்கில் வெறுமனே இறைச்சி என்றால் அது பன்றி இறைச்சியையே குறிக்கும். மாட்டுக்கும் ஆட்டுக்குந்தான் அடைமொழி வேண்டும். கீரையைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவதும் உண்டு; குழம்பில் அரிசி மது சேர்ப்பதும் உண்டு. ஐயத்திற்கு இடமானதை விட்டு விலகுவதே பேணுதல் என்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவன் நான். வெள்ளைச் சோற்றை வாங்கி, மனைவி கொடுத்தனுப்பிய இட்லிப் பொடியைத் தூவி, நான்கு பேரீச்சம்பழங்களோடு உண்டு எழுந்தேன். குழுவிலிருந்த இளைஞர்கள் சிரித்துக்கொண்டனர்.

மறுநாளும் அதே நிலை. பசி மனிதனின் நாவைக் கூர்மையாக்கிவிடுகிறது. "உங்களுக்கென்ன ஐயா, காய்கறி எங்கும் கிடைக்கும்" என்று தமிழையாவிடம் சற்றுக் கடுமையாகவே சொல்லிவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. தம் தட்டிலிருந்த அவரைக்காய்களைக் கரண்டியால் விலக்கிக் காட்டினார். அடியில் கொத்திய இறைச்சி மணல் போலப் படிந்திருந்தது. அவரும் இரண்டு நாளாக வெள்ளைச் சோற்றில்தான் நண்பகலைக் கழித்திருக்கிறார்.

"வழிகாட்டியிடம் கேட்டிருக்கலாமே, ஐயா?"

"கேட்டால் சமைத்தவர்கள் மனம் புண்படுமோ என்று தயங்கினேன், ஹஜ்ரத். கேட்காமல் ஒதுங்குவதே எனக்குப் பழகிவிட்டது."

அந்தக் கடைசிச் சொற்கள் எனக்காகச் சொல்லப்பட்டவை அல்ல. ஆனாலும் அவை என் வீட்டு வாசலில் போய் நின்றன.

என் நிலையைக் கண்ட வழிகாட்டி, ஒரு தாளில் இரண்டு சீன எழுத்துகளை எழுதித் தந்தார். சிங்ஜென் என்று ஒலிக்க வேண்டுமாம். தூய்மை என்பது ஒன்று. வாய்மை என்பது மற்றொன்று. ஹுய் எனப்படும் சீன முஸ்லிம்களின் உணவகங்களில் அவ்விரண்டு எழுத்துகளும் இருக்கும் என்றார். ஹலால் என்ற அரபுச் சொல்லும் உடன் இருக்குமே என்று நான் மகிழ்ந்தேன். பேருந்து சென்ற வழியில் அத்தகைய கடை ஒன்றைக் காட்டினார். சீன எழுத்துகள் இருந்தன. அரபு எழுத்துகள் இருந்த இடத்தில் காகிதம் ஒட்டி மறைக்கப்பட்டிருந்தது. பெய்ஜிங்கின் ஹலால் உணவகங்கள் தம் பெயர்ப் பலகைகளிலிருந்து அரபு எழுத்துகளை அகற்ற வேண்டுமென்று அந்த ஆண்டில் அதிகாரிகள் உத்தரவிட்டிருந்தனர். முப்பது ஆண்டுகளாக அரபு எழுத்தைக் கற்பித்தே உண்டவன், அங்கே அந்த எழுத்தின் துணையை இழந்தேன். அலிஃப் பே ஓதத் தொடங்கும் சிறுவனைப் போல, அவ்விரண்டு சீன எழுத்துகளையும் விரலால் வரைந்து வரைந்து மனத்தில் பதித்துக்கொண்டேன்.

அடுத்து விரைவு இரயிலில் சியான் நகரம் அடைந்தோம். தாங் பேரரசின் தலைநகரான சாங்கான் இதுவே. காஞ்சியைக் கண்டு திரும்பிய யுவான் சுவாங் கொண்டுவந்த ஏடுகளைக் காப்பதற்காக 652இல் எழுப்பிய கோபுரம் இன்றும் நிற்கிறது. அதனைக் கண்டபின் முஸ்லிம்கள் வாழும் பகுதிக்குச் சென்றோம். அங்குள்ள பெரிய பள்ளிவாசல் 742இல் தோன்றியது என்பது மரபு. இன்றுள்ள கட்டடங்களில் பெரும்பாலானவை மிங் காலத்தவை. குவிமாடம் இல்லை. முற்றங்களும் ஓட்டுக் கூரைகளுமாகச் சீன மாளிகை போலவே விளங்குகிறது. உள்ளே மரப்பலகைகளில் குர்ஆன் முழுதும் அரபியிலும் சீனத்திலும் செதுக்கப்பட்டிருக்கிறது. மறைந்துபோன உறவினரைக் கண்டவன்போல அந்த எழுத்துகளின் முன் நின்றேன். மொராக்கோவிலிருந்து புறப்பட்டு, நம் மஅபர்க் கரையையும் கண்டு, 14ஆம் நூற்றாண்டில் சீனம் சென்ற இப்னு பதூதா, அங்கே ஒரு முஸ்லிமைச் சந்தித்தால் சொந்தக் குடும்பத்தையே கண்டதுபோல் இருந்ததாக எழுதியிருப்பதன் பொருள் அன்றுதான் எனக்கு விளங்கியது. தொழுது முடித்து வெளியே வந்தபோது, முற்றத்து மரத்தடியில் தமிழையா எனக்காகக் காத்திருந்தார்.

அருகிலிருந்த உணவகத்தில் அந்த இரண்டு எழுத்துகளையும் நானே கண்டுபிடித்தேன். ஒரு பெரிய கிண்ணமும் இரண்டு தட்டையான ரொட்டிகளும் கொண்டுவந்து வைத்தார்கள். ரொட்டியை நம் கையாலேயே பிய்த்துக் கிண்ணத்தில் நிரப்ப வேண்டும். நான் பிய்த்த துண்டுகளைப் பார்த்து, எதிரில் அமர்ந்திருந்த வெள்ளைத் தொப்பி அணிந்த முதியவர் தலையசைத்தார். கிண்ணத்தைத் தம்பக்கம் இழுத்து, மொச்சைக்கொட்டை அளவுக்குப் பிய்த்துக் காட்டினார். நான் ஸலாம் சொன்னேன். அவர் ஓசை வேறாக இருந்தாலும் பதில் அதுவே. எங்களுக்குள் வேறு பேச்சுக்கு மொழியில்லை. கிண்ணத்தை எண்ணிட்ட வில்லையோடு உள்ளே கொண்டுபோய், கொதிக்கும் ஆட்டிறைச்சிச் சாற்றையும் இறைச்சியையும் சேமியா போன்ற இழைகளையும் சேர்த்துக் கொணர்ந்தார்கள். முதல் கவளத்திலேயே அறிந்துகொண்டேன். இது ஸரீத்! ரொட்டியைப் பிய்த்து இறைச்சிச் சாற்றில் ஊறவைத்து, பெருமானார் (ஸல்) விரும்பி உண்ட உணவு. ஹதீஸ் பாடத்தில் எத்தனையோ முறை அச்சொல்லை விளக்கியிருக்கிறேன், உண்டது அன்றுதான்.

நிமிர்ந்து பார்த்தேன். தமிழையா வெறுந்தேநீரைக் கையில் ஏந்தி, நான் உண்பதைக் கண்டு மகிழ்ந்துகொண்டிருந்தார். மனத்தாங்கலின் சாயலே அவர் முகத்தில் இல்லை. என் தொண்டையில் உணவு இறங்கவில்லை.

எழுந்து வழிகாட்டியை அழைத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். ஒரு தள்ளுவண்டிக்காரரிடம் கேட்கச் சொன்னேன்: இறைச்சி உண்டா, கொழுப்பு உண்டா, பாத்திரம் இதற்கு மட்டுமா? அவர் சினக்கவில்லை. மூடியைத் தூக்கிப் பெரிய பானையைக் காட்டினார். அரிசி, செந்நிறக் கனி, பயற்று விதை. மூன்றும் அடுக்கடுக்காக ஆவியில் வெந்திருந்தன. வாங்கிக்கொண்டு வந்தேன். ஒரு வாய் உண்ட தமிழையா, "ஹஜ்ரத், இது இலந்தையின் இனம்! நெய் இல்லாத சர்க்கரைப் பொங்கல்!" என்று சிறுபிள்ளை போலக் கூவினார். மீதி வைக்காமல் உண்டார்.

2020, 2021ஆம் ஆண்டுகளின் நோன்புப் பெருநாள்கள் நோய்த்தொற்றால் கதவடைத்தே கழிந்தன. 2022இல் பெருநாளுக்கு ஒரு வாரம் முன்பே தமிழையாவின் வீட்டுக்குச் சென்று கேட்டேன். "என்ன செய்தால் உண்பீர்கள், ஐயா? எந்தப் பாத்திரம் வேண்டும்?" அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், "புதுப் பாத்திரமாக இருந்தால் போதும், ஹஜ்ரத்" என்றார். என் மனைவி புதுப் பித்தளைப் பானை வாங்கி, அரிசியும் பேரீச்சம்பழமும் பாலும் சேர்த்து ஆக்கினாள். அவர் இரண்டுமுறை கேட்டு வாங்கி உண்டு, எங்கள் முற்றத்துக் குழாயில் கை கழுவினார்.

இருபது ஆண்டுகளாக அவர் நம் வீட்டில் உண்பதில்லையே என்று குறைப்பட்டிருந்தேன். அந்த இருபது ஆண்டுகளில் ஒருமுறையேனும் நான் கேட்டிருக்க வேண்டும். அயல்நாட்டில் என் உணவைக் குறித்து ஒவ்வொருவரிடமும் கேட்டு நின்ற பிறகே, என் வாசலுக்கு வருபவரிடம் கேட்பது என் கடமை என்று எனக்குப் புரிந்தது.